உறைந்த தேன், உறையாத தேன்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: வீட்டில் இரண்டு பாட்டில் தேன் இருக்கிறது. ஒன்று வெளிர் மஞ்சள். வாங்கி இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் வெண்மையாக உறைந்துவிட்டது. இன்னொன்று கறுப்பு, தண்ணீர் போல ஓடுகிறது, நாக்கில் வைத்தால் லேசான புளிப்பு. இரண்டும் தேன்தான் என்றால் ஏன் இப்படி? எது கலப்படம்?

இரண்டுமே சுத்தமான தேனாக இருக்கலாம். இரண்டுமே கலப்படமாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. பழச்சாறு என்று ஒருவர் நீட்டினால் என்ன பழம் என்று கேட்கிறோம். தேன் என்றால் மட்டும் அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை. எந்தச் செடி, எந்தத் தேனீ, எடுத்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் உங்கள் இரண்டு பாட்டிலும் புரிந்துவிடும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறை 1962-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 490 தேன் மாதிரிகளைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். சராசரியாக 100 கிராம் தேனில் பிரக்டோஸ் 38.2, குளுக்கோஸ் 31.3, தண்ணீர் 17.2, மால்டோஸ் வகைச் சர்க்கரைகள் 7.3, நாம் சீனி என்று சொல்லும் சுக்ரோஸ் 1.3 கிராம். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் அமிலங்கள், தாது உப்புகள், புரதம், என்சைம்கள், நிறம், மணம் எல்லாம் அடங்க வேண்டும். பலரும் இந்தச் சராசரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆய்வில் இருக்கும் வீச்சு. தண்ணீர் 13.4 முதல் 22.9 வரை, குளுக்கோஸ் 22 முதல் 40.7 வரை, பிரக்டோஸ் 27.2 முதல் 44.3 வரை. குளுக்கோஸ் ஒரு தேனில் இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! உறைவதும் உறையாததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

குளுக்கோஸ் தண்ணீரில் அவ்வளவு நன்றாகக் கரையாது. பிரக்டோஸ் தாராளமாகக் கரையும். தேனில் இருக்கும் கொஞ்சம் தண்ணீருக்கு அத்தனை குளுக்கோஸைக் கரைத்து வைத்திருக்கும் சக்தி கிடையாது. அதாவது தேன் என்பது எப்போதும் அளவுக்கு மீறிச் சர்க்கரை சுமக்கும் ஒரு கரைசல். சந்தர்ப்பம் கிடைத்தால் குளுக்கோஸ் படிகமாக வெளியே வந்துவிடும். மகரந்தத் துகள், மெழுகுத் துணுக்கு, காற்றுக் குமிழி, முன்பே உருவான ஒரு சின்னப் படிகம், எதுவானாலும் அதற்கு ஆதாரமாக அமையலாம். தேன் துறையில் ஒரு கைக்கணக்கு உண்டு: குளுக்கோஸின் அளவைத் தண்ணீரின் அளவால் வகுத்தால் 1.7-க்குக் கீழே வந்தால் நீண்ட நாள் திரவமாக இருக்கும், 2.1-ஐத் தாண்டினால் சீக்கிரம் உறையும்.

இதனால்தான் ராபினியா மரத்தின் தேன், வியாபாரத்தில் அகேசியா தேன் என்று விற்கப்படுவது, வருடக்கணக்கில் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கிறது. அதில் பிரக்டோஸ், குளுக்கோஸைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் பூவின் தேனில் நிலைமை தலைகீழ்: இரண்டும் ஏறத்தாழ சமம், சில சமயம் குளுக்கோஸ் கூடுதல். அது சில வாரங்களிலேயே உறையும். எடுக்கத் தாமதித்தால் அடையிலேயே கட்டியாகிவிடும், பிரித்தெடுக்கும் எந்திரத்தில் போட்டுச் சுற்றினாலும் வராது. ஐவி கொடியின் தேன் இன்னும் மோசம், கல். ரப்பர் மரத் தேனும் சீக்கிரம் உறையும் ரகம். அதில் ஒரு விசேஷம், அது பெரும்பாலும் பூவிலிருந்து வருவதே இல்லை. இளம் இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளில் ஊறும் மதுரத்தைத்தான், அதாவது செடி சுரக்கும் இனிப்பு நீரைத்தான், தேனீ எடுத்துப் போகிறது.

உறைந்த பாட்டிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல நேரம் கீழே வெண்மையான கட்டி, மேலே அடர்ந்த நிறத்தில் திரவம் என இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். கீழே இருப்பதைச் சீனி என்றும் மேலே இருப்பதைத் தேன் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கீழே இருப்பது தேனின் சொந்தக் குளுக்கோஸ். அந்தப் படிகம் உருவாகும்போது தன் எடையில் 9 சதவீதம் மட்டும் தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்கிறது. தேனில் இருந்ததோ 17, 18 சதவீதம். மீதித் தண்ணீர் எங்கே போகும்? மேலே நிற்கும் திரவத்துக்குத்தான். ஆகவே உறைந்த பிறகு மேல்பகுதி முன்னைவிட நீர்த்துப் போகிறது, ஈஸ்ட் பிடித்துப் புளிக்கவும் வாய்ப்பு கூடுகிறது. நன்றாக இருந்த தேன் உறைந்தபின் கெட்டுப்போனதாகச் சிலர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

படிகம் வளர மிகவும் வசதியான வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸ் வாக்கில். 1930-களில் எல்டன் டைஸ் என்பவர் இதையே சாதகமாக்கிக்கொண்டார். தேனைச் சூடாக்கிப் பழைய படிகங்களைக் கரைத்து, ஆறிய பிறகு ஏற்கெனவே மிக நைசாக உறைந்த தேனைக் கொஞ்சம் பிரை மோர் ஊற்றுவது போலக் கலந்து, அந்த வெப்பநிலையில் வைத்தார். வெண்ணெய் போல மிருதுவாக உறைந்தது. கிரீம் தேன் என்று விற்கப்படுவது இதுதான். அதில் கிரீமும் இல்லை, வெண்ணெயும் இல்லை.

சரி, அடுத்து தண்ணீர். கறுப்பு பாட்டிலின் கதை பெரும்பாலும் இங்கே இருக்கும்.

பூவில் சுரக்கும் மதுரத்தில் பாதிக்கு மேல், சில பூக்களில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுவந்து வாய்விட்டு வாய் மாற்றி, துளித்துளியாக அடைக்குள் பரப்பி, இறக்கையால் விசிறி வற்றவைக்கிறது. கூடவே தன் என்சைமால் சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் மாற்றுகிறது. போதுமான அளவு வற்றியதும் மெழுகால் மூடி முத்திரை வைக்கும். பெட்டிகளில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ இதில் சூரன். மூடிய அடையில் தண்ணீர் பெரும்பாலும் 18-ஐ ஒட்டி இருக்கும். அடுக்குத் தேனீயின் தேனில் பொதுவாக அதைவிடக் கூடுதல். திறந்த வெளியில் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயின் தேன் பல நேரம் 20-ஐத் தாண்டும். காற்றில் ஈரம் நிறைந்த பருவத்தில் என்னதான் விசிறினாலும் ஓரளவுக்கு மேல் வற்றாது. போதாததற்கு மூடாத அடையையும் சேர்த்துப் பிழிந்துவிட்டால் தண்ணீராகத்தான் ஓடும்.

கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரவிதிகள் தேனில் தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. அந்த வரம்பு நடைமுறைக் காரணத்தோடு வந்ததுதான். 17 வாக்கில் இருக்கும் தேனில் ஈஸ்ட் தலையெடுப்பதில்லை. 20-க்கு மேல் போனால் புளிப்பது கிட்டத்தட்ட நிச்சயம். நான் ஒருமுறை 22 காட்டிய தேனை, மணம் பிரமாதமாக இருந்ததால், மூடி இறுக்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனேன். சில வாரம் கழித்துத் திறந்தால் சோடா பாட்டில் மாதிரி சத்தம், வாய் வரை நுரை, பழுத்து அழுகும் பழத்தின் வாடை. அதில் யாரும் எதுவும் கலக்கவில்லை. அளந்து பார்த்தும் அலட்சியமாக இருந்தது என் தப்பு. அளப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு தேனை வைத்து மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தண்ணீர் எவ்வளவு என்று காட்டிவிடும். உறைந்த தேனை மட்டும் முதலில் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறாகக் காட்டும்.

மூடி திறந்தே கிடந்தாலும் தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் வாக்கில் இருந்தால் 18 சதவீதத் தேன் வாங்கவும் செய்யாது, கொடுக்கவும் செய்யாது. மழைக்காலத்தில் அதைவிட ஈரம் கூடும்போது மேல்படலம் மெல்ல நீர்க்கும்.

கொடுக்கில்லாத கொசுத்தேனீயின் தேனைத் தனியாகத்தான் பேச வேண்டும். அது அறுகோண அறையில் சேமிப்பதில்லை. மெழுகும் பிசினும் கலந்து செய்த சின்னச் சின்னக் குடுவைகளில் ஊற்றி வைக்கிறது. தண்ணீர் 25 முதல் 35 சதவீதம் வரை சாதாரணம், புளிப்பு தூக்கலாக இருக்கும். 20 என்ற வரம்பை வைத்துப் பார்த்தால் கொசுத்தேன் பெரும்பாலும் தேறாது. மலேசியா இதற்கென்றே 2017-இல் தனித் தரம் வகுத்தது. 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இன்னொரு ஆச்சரியத்தைச் சொன்னார்கள்: இந்தத் தேனில் இதுவரை மால்டோஸ் என்று எண்ணப்பட்டது பெரும்பகுதி ட்ரெஹலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை. அது உடலில் மெதுவாகத்தான் செரிக்கும். எனவே உங்கள் கறுப்பு பாட்டில் கொசுத்தேனாக இருந்தால், நீர்ப்பும் புளிப்பும் அதன் பிறவிக்குணம்.

புளிப்பு என்றதும் இன்னொன்று. எல்லாத் தேனும் அமிலம்தான். சராசரி பி.ஹெச். 3.9, ஆரஞ்சுச் சாற்றுக்குப் பக்கத்தில். முக்கியமான அமிலம் குளுகோனிக் அமிலம். தேனீயின் சுரப்பியிலிருந்து வரும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் குளுக்கோஸிலிருந்து அதை உண்டாக்குகிறது. இனிப்பு அந்தப் புளிப்பை அமுக்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

நிறத்துக்கு வருவோம். பொதுவாக, தேன் கறுக்கக் கறுக்கத் தாது உப்பு கூடும், அதிலும் பொட்டாசியம்தான் முன்னால் நிற்கும். தாவரங்களிலிருந்து வரும் பீனால் வகைப் பொருட்களும் கூடும். பக்வீட் என்ற தானியச் செடியின் தேன் கருஞ்சிவப்பு, மாட்டுத் தொழுவ வாடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் அதிகம் உள்ள தேன்களில் அது ஒன்று. உப்பு கூடினால் தேனில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதால், ஆய்வகத்தில் மின்கடத்துதிறனை அளந்தே பூத்தேனைப் பிரித்தறிகிறார்கள். வழக்கமான பூத்தேனுக்கு உச்சவரம்பு சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு). செஸ்ட்நட் மரத்தின் தேன் பூவிலிருந்து வந்தாலும் இதற்கு விதிவிலக்கு. அது அந்த வரம்பைத் தாண்டித்தான் இருக்கும், கசக்கவும் செய்யும்.

பூவே சம்பந்தப்படாத இன்னொரு ரகமும் இதே வரம்பைத் தாண்டுகிறது. அசுவினி போன்ற பூச்சிகள் மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு, தேவைக்கு மேற்பட்ட சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியேற்றும். தேனீ அதையும் சேகரிக்கும். ஐரோப்பாவில் ஃபிர், ஸ்ப்ரூஸ் மரக்காடுகளில் கிடைக்கும் கறுத்த காட்டுத்தேன் இப்படி வந்ததே. கேட்க அருவருப்பாக இருக்கலாம், அங்கே அது உயர்ந்த சரக்கு. அதில் குளுக்கோஸ், பிரக்டோஸ் குறைவு. பூத்தேனில் இரண்டும் சேர்ந்து 100 கிராமுக்கு 60 கிராமாவது இருக்க வேண்டும் என்று சொல்லும் கோடெக்ஸ், இதற்கு 45 போதும் என்கிறது. சில வருடங்களில் மெலிசிட்டோஸ் என்ற சர்க்கரை எக்கச்சக்கமாகி, அடையிலேயே சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

ஆனால் கறுப்பு என்றாலே சத்து என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெளிர் தேனும் பழசாகிப் போனால் கறுக்கும், சூடாக்கினாலும் கறுக்கும்.

எனக்குப் பிடித்த விநோதம் ஹெதர் தேன். ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் கூட்டம் கூட்டமாகப் பூக்கும் சிறு புதரின் தேன் அது. பாட்டிலைக் கவிழ்த்தால் ஜெல்லி போல அப்படியே நிற்கும், உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் சிறைப்பட்டுக் கிடக்கும். கரண்டியால் சுற்றிச் சுற்றிக் கலக்கினால் இளகி ஓடும். சும்மா வைத்தால் மறுபடி ஜெல்லி. இது உறைதல் இல்லை; அதில் இருக்கும் ஒருவகைப் புரதத்தின் வேலை. இதைச் சாதாரணமாகச் சுற்றி எடுக்க முடியாது, ஒவ்வொரு அறையிலும் ஊசி விட்டுக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும், இல்லையேல் பிழிய வேண்டும். தண்ணீர் வரம்பிலும் இதற்கு 23 வரை சலுகை உண்டு.

மருந்துக் குணம் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. தேன் கிருமியைத் தடுப்பது உண்மை. அடர்ந்த சர்க்கரை, அமிலம் இரண்டும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேலே சொன்ன அதே ஆக்ஸிடேஸ் என்சைம் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. வேடிக்கை என்னவென்றால் கெட்டியான தேனில் அந்த என்சைம் தூங்கிக்கொண்டிருக்கும். தேன் நீர்க்கும்போதுதான் விழிக்கும். சூடும் வெளிச்சமும் பட்டால் செத்துவிடும். நியூசிலாந்தின் மனுகா தேன் வேறு வழியில் வேலை செய்கிறது. பெராக்சைடை நீக்கிவிட்டாலும் அது கிருமியை அடக்கியது. காரணம் மெதில்கிளையாக்சால் என்று 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. அந்தப் பூவின் மதுரத்தில் இருக்கும் டைஹைட்ராக்சிஅசிட்டோன், தேனுக்குள் இருந்தபடியே மெதுவாக மெதில்கிளையாக்சாலாக மாறுகிறது. புண்ணுக்கு மருத்துவமனையில் போடுவது காமா கதிரால் கிருமி நீக்கிய தேன். அடுப்படி பாட்டிலை எடுத்துப் புண்ணில் தடவாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், நாக்கில் தொட்டு வைப்பதுகூட. பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் நல்ல தேனிலும் இருக்கக்கூடும். அந்த வயதுக் குடலால் அவற்றைத் தடுக்க முடியாது.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு எந்தத் தேன் நல்லது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. பிரக்டோஸ் கூடிய தேன் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான். எந்த ரகமானாலும் நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு சர்க்கரை. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

செடியின் நஞ்சும் தேனுக்கு வரும். கருங்கடல் ஓரத்திலும் இமயமலையிலும் வளரும் சில ரோடோடெண்ட்ரான் செடிகளின் மதுரத்தில் கிரயனோடாக்சின் இருக்கிறது. கி.மு. 401-இல் கிரேக்கப் படை ஒன்று இன்றைய துருக்கியின் டிராப்சன் பக்கம் அந்தத் தேனை வயிறாரத் தின்றது. வாந்தி, பேதி, எழுந்து நிற்க முடியாமல் போர்க்களம் போலச் சாய்ந்து கிடந்தார்கள் என்று அந்தப் படையோடு போன செனோபன் எழுதி வைத்திருக்கிறார். யாரும் சாகவில்லை, மூன்று நான்கு நாளில் எழுந்துவிட்டார்கள். இன்றும் இந்தத் தேனால் நாடித்துடிப்பு குறைந்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. சுத்தமான இயற்கைத் தேன்தான் அது, நூறு சதவீதம்!

கடைசியாக மனிதர்களின் கை. தேனைச் சூடாக்கினாலும் நெடுநாள் வைத்தாலும் பிரக்டோஸ் சிதைந்து ஹெச்.எம்.எஃப். என்ற பொருள் சேரும். புதுத் தேனில் இது மிகக் கொஞ்சம். கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரம்பு, வெப்பநாட்டுத் தேனுக்கு 80. என்சைம்கள் இதற்கு எதிர்த்திசையில் குறையும். டயஸ்டேஸ் என்ற என்சைம் குறைவாக இருந்தால் தேன் கொதிக்கவைக்கப்பட்டது என்று பொருள் கொள்வார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பூக்களின் தேனில் பிறப்பிலேயே டயஸ்டேஸ் குறைவு. அதை ஹெச்.எம்.எஃப். அளவோடு சேர்த்துப் பார்க்காமல் குற்றம் சாட்டினால் அநியாயமாகிவிடும். அதேபோல சுக்ரோஸ் 5 சதவீதத்தைத் தாண்டினால் சீனி கலந்ததாகச் சந்தேகம் வரும். லாவெண்டர் தேனுக்கு 15 வரை அனுமதி. ரகம் தெரியாமல் ஆய்வக அறிக்கையைப் படிப்பதில் இருக்கும் ஆபத்து இது.

கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்கும் வித்தைகள் இணையத்தில் ஏராளம். தண்ணீரில் விட்டால் நூல் போல இறங்க வேண்டும், தீக்குச்சியை முக்கினால் எரிய வேண்டும், எறும்பு வரக் கூடாது. முதல் இரண்டும் அளப்பது கெட்டித்தன்மையையும் ஈரத்தையும் மட்டுமே. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு இரண்டிலும் முதல் வகுப்பில் தேறும், சுத்தமான கொசுத்தேன் தோற்கும். எறும்பு தேனைச் சாப்பிடாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எறும்பிடம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில்கூட இது சுலபம் இல்லை. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையின் கார்பன் ஐசோடோப் விகிதம் (எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதம்) பெரும்பாலான மதுரத்திலிருந்து வேறுபடும், அதனால் சிக்கிவிடும். அரிசிப் பாகும் பீட்ரூட் சர்க்கரையும் அந்தச் சோதனையில் நழுவும். அவற்றைப் பிடிக்க என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) போன்ற சோதனைகள் வேண்டும்.

இனி உங்கள் பாட்டில்கள். வெளிர் தேனை 40 டிகிரி வாக்கிலான, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் மூடியோடு வைத்து, தண்ணீர் ஆற ஆற மாற்றுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் ஏற்ற வேண்டாம். இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் கரைந்ததும் நன்றாகக் கலக்கிவிடுங்கள். கறுப்பை முகர்ந்து பாருங்கள். பழவாசனையோடு சுத்தமான புளிப்பு என்றால் கவலை இல்லை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். நுரை, மூடி திறக்கையில் சத்தம், சாராய வாடை இருந்தால் புளித்துவிட்டது. கொடுத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தேனீ, அப்போது என்ன பூத்திருந்தது, எந்த மாதம் எடுத்தது. மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அடுத்த முறையும் அவரிடமே வாங்கலாம்.